பேர்னடொட் பிரபு: அகதிகளின் வழக்கை அவையேற்றியவர்

போர்களின் வரலாறு பெரும்பாலும் படைத்தலைவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கின்றது. எந்த நகரம் எந்நாளில் வீழ்ந்தது, எந்தச் சேனை எந்த ஆற்றைக் கடந்தது என்பனவற்றை நம் மாணவர் மனனஞ் செய்து ஒப்புவிக்கின்றனர். வீழ்ந்த நகரத்திலே அடுப்பில் உலை வைத்துவிட்டு ஓடிய தாய் எங்கே போய்ச் சேர்ந்தாள், அவள் கையிற் பிடித்துச் சென்ற குழந்தை என்னவாயிற்று என்று கேட்போர் மிகச் சிலரே. அவ்வினாவை உலக நாடுகளின் பேரவைக்கு முன் எழுதி வைத்து, எழுதிய மறுநாளே கொலையுண்டு மாண்டவர் ஒருவர் உளர். அவரே சுவீடன் தேசத்துப் பேர்னடொட் பிரபு. 1948ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆந் திகதி ஜெருசலேம் நகர வீதியொன்றில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பலஸ்தீன அகதிகளின் உரிமையைப் பற்றி இன்று பேசுவோர் எவராயினும், அறிந்தோ அறியாமலோ, அவர் வகுத்துச் சென்ற நியாயத்தைக் கொண்டே பேசுகின்றனர். அவருடைய பெயர் அறியப்பட்ட அளவுக்கு அவருடைய வாழ்க்கை நம்மவரிடையே அறியப்படவில்லை.

அரச குலத்தின் ஒரு கிளை

போல்கே பேர்னடொட் 1895ஆம் ஆண்டு ஜனவரி 2ஆந் திகதி ஸ்டொக்ஹோம் நகரிற் பிறந்தார். அவருடைய குலத்தின் மூல புருஷர் நெப்போலியனின் தளபதிகளுள் ஒருவர்; பிரெஞ்சு தேசத்துப் போர்வீரராய் வாழ்க்கையைத் தொடங்கி, 1818இல் சுவீடனின் சிம்மாசனம் ஏறியவர். அந்தப் போர்வீரர் நிறுவிய குலத்தின் ஆட்சியிலேதான் சுவீடன் போரைக் கைவிட்டது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 1814ஆம் ஆண்டுக்குப் பின்னர் அத்தேசம் எந்த யுத்தத்திலும் இறங்கவில்லை.

போல்கேயின் பாட்டனார் இரண்டாம் ஒஸ்கார் மன்னர். பெரியதந்தையார் ஐந்தாம் குஸ்தாவ் மன்னர். தந்தையாராகிய இளவரசர் ஒஸ்கார் அரச குலத்தைச் சேராத எப்பா முங்க் என்னும் பெண்மணியை 1888இல் மணம்புரிந்து, அதன் பயனாக முடியுரிமையை இழந்தவர். காதலுக்காக அரசுரிமையைக் கைவிட்ட அந்தத் தம்பதியர் பக்தியும் தரும சிந்தனையும் மிகுந்தவர்கள். பிறர்க்குத் தொண்டு செய்தல் அவ்வில்லத்திலே நாளாந்த ஒழுக்கமாய் இருந்தது. ஐந்து மக்களுள் இளையவரான போல்கே அச்சூழலிலேயே வளர்ந்தார்.

இளமையில் அவர் சிறந்த கல்விமான் என்று பெயரெடுத்தாரல்லர். குதிரைப் படையிற் சேர்ந்து அதிகாரியானார். 1928இல் அமெரிக்கச் செல்வர் ஒருவரின் மகளாகிய எஸ்தல் மான்வில் என்பவரை நியூயோர்க் மாகாணத்திலே மணந்தார். நான்கு புதல்வர் பிறந்தனர். அவருள் இருவர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரின் துன்பம் யாது என்பதை அவர் தம் இல்லத்திலேயே அறிந்திருந்தார். சுவீடனின் சாரணர் இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1939இல் நியூயோர்க் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியிலே தம் நாட்டின் பிரதிநிதியாகப் பணிபுரிந்தார். இவ்வளவில் அவர் வாழ்க்கை முடிந்திருந்தால், பண்புள்ள ஒரு பிரபு என்ற அளவிலேயே நினைக்கப்பட்டிருப்பார். இரண்டாம் உலக மகாயுத்தம் அவரை வேறொரு பாதைக்கு இட்டுச் சென்றது.

வெள்ளை வண்டிகள்

யுத்த காலத்தில் நடுநிலை வகித்த சுவீடன், போரிடும் நாடுகளுக்கிடையே ஒரு வாயிலாக விளங்கியது. 1943இலும் 1944இலும் கொதென்பர்க் துறைமுகத்திலே, காயமுற்ற யுத்தக் கைதிகளை ஜேர்மனியும் பிரித்தானியாவும் பரிமாறிக்கொண்டன. அவ்வேற்பாட்டிலே சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் பேர்னடொட் பெரும்பங்கு கொண்டார். பகைவரோடு பேசவும், பேசியதைச் செயலாக்கவும், எவர் பக்கமும் சாயாதிருக்கவும் அவர் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் அதுவே.

1945இன் தொடக்கத்தில் ஜேர்மனி தோல்வியின் விளிம்பிலே நின்றது. ஆயினும் அதன் சிறைமுகாம்களிலே இலட்சக் கணக்கானோர் பட்டினியாலும் பிணியாலும் மாண்டுகொண்டிருந்தனர். அவர்களுள் நோர்வே, டென்மார்க் நாட்டவர் பல்லாயிரவர். அவர்களை மீட்கும் பொருட்டு அவ்வாண்டு பெப்ரவரி மாதம் பேர்னடொட் பேர்லினுக்குச் சென்று, ஹிட்லரின் கொலைப் படைகளுக்குத் தலைவனாகிய ஹிம்லரை நேரிற் கண்டு பேசினார். கொடியவர்களோடு அமர்ந்து பேசலாகாது என்பார் உண்டு. சிறைக்கதவின் திறவுகோல் கொடியவன் கையிலேதான் இருக்கிறது என்பதை உணர்ந்தவருக்கு வேறு வழியிருக்கவில்லை.

மார்ச் மாதத்திலே சுவீடனிலிருந்து ஏறத்தாழ முந்நூறு தொண்டர்கள் வண்டித் தொடர்களோடு ஜேர்மனிக்குள் புகுந்தனர். நேசநாட்டு விமானங்கள் குண்டு வீசாதிருக்கும்படி அவ்வண்டிகள் முழுவதும் வெள்ளைச் சாயம் பூசப்பட்டுச் செஞ்சிலுவை தீட்டப்பட்டிருந்தன. அவ்வாறிருந்தும் சில தொடர்கள் வானிலிருந்து தாக்கப்பட்டன. மீட்கப்பட்டு வந்தோருட் சிலர் வீதியிலேயே உயிர் நீத்தனர். ஏப்ரில் மாதத்தில், தெரேசியன்ஸ்டாட் முகாமிலிருந்த 423 டென்மார்க் யூதர்கள் விடுவிக்கப்பட்டனர். பின்னர் ராவென்ஸ்புறூக் முகாமிலிருந்து பல்வேறு நாட்டுப் பெண்கள் ஆயிரக் கணக்கில் அழைத்து வரப்பட்டனர். அவர்களுள் யூதப் பெண்களும் பலர். யுத்தம் முடிவதற்குள் மீட்கப்பட்டோர் தொகை ஏறத்தாழ 15,000.

இந்தச் சாதனையிலே ஒரு கறையும் உண்டு. அதனை மறைத்தல் வரலாறாகாது. நொயென்காம் என்னும் முகாமிலே ஸ்கந்திநேவியக் கைதிகளை ஒன்று சேர்ப்பதற்கு இடம் வேண்டியிருந்தது. அதற்காக, அங்கே நோயுற்றுக் கிடந்த பிரெஞ்சுக்காரர் முதலிய பிற நாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 2,000 பேரை அதே வெள்ளை வண்டிகள் ஏற்றிச்சென்று வேறு முகாம்களிலே விட்டன. அவர்களுட் பலர் மீளவில்லை. பிற்காலத்துச் சுவீடிய ஆராய்ச்சியாளர் இதனை வெளிக்கொணர்ந்து கடுமையாக விசாரித்துள்ளனர். தன் நாட்டவனைக் காப்பதற்காக அயல்நாட்டவனை ஒதுக்கும் கருணை முழுமையான கருணையாகுமா என்ற வினா அச்செயலோடு பிறந்தது. பேர்னடொட்டின் எஞ்சிய வாழ்வு அவ்வினாவுக்குத் தக்க விடையாயிற்று எனலாம். மூன்றாண்டுகளின் பின் பலஸ்தீனத்திலே அவர் எவருக்காகப் பேசினாரோ, அவர்கள் அவருடைய நாட்டவருமல்லர், அவருடைய சமயத்தவருமல்லர்.

பிளவுண்ட பூமி

பலஸ்தீனத்தை 1920களிலிருந்து உலக சங்கத்தின் ஆணையின்கீழ் ஆண்டு வந்த பிரித்தானியர், அங்கு அராபியருக்கும் யூதருக்குமிடையே வளர்ந்த பிணக்கைத் தீர்க்க இயலாமல் அதனை ஐக்கிய நாடுகள் சபையிடம் ஒப்படைத்தனர். 1947 நவம்பர் 29ஆந் திகதி, நாட்டை இரண்டாகப் பிரித்து ஜெருசலேமைச் சர்வதேச ஆட்சியின்கீழ் வைக்கும் திட்டத்தைப் பொதுச்சபை ஏற்றது. ஆதரவாக 33 நாடுகளும் எதிராக 13 நாடுகளும் வாக்களித்தன. 10 நாடுகள் வாக்களியாது விலகின. நாட்டு மக்களுட் பெரும்பான்மையினரான அராபியர் அத்திட்டத்தை ஏற்க மறுத்தனர். மறுநாளே இரத்தக்களரி தொடங்கிற்று.

அவ்வுள்நாட்டுப் போரில் ஆயுதம் ஏந்தாதவர்களே முதற்பலியாயினர். 1948 ஏப்ரில் 9ஆந் திகதி, ஜெருசலேமுக்கு அணித்தான டெயிர் யாசின் என்னும் கிராமத்திலே யூத ஆயுதக் குழுவினர் புகுந்து, பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றனர். நான்கு நாட்களின் பின், ஹதாசா வைத்தியசாலையை நோக்கிச் சென்ற வண்டித் தொடரை அராபிய ஆயுதக் குழுவினர் தாக்கினர். வைத்தியர்களும் தாதிமாரும் உட்பட 78 பேர் மாண்டனர். டெயிர் யாசின் செய்தி ஊரூராய்ப் பரவ, அச்சம் காட்டுத்தீயாயிற்று. ஹைபாவிலிருந்தும் யாபாவிலிருந்தும் மக்கள் படகுகளிலும் பாரவண்டிகளிலும் கால்நடையாகவும் வெளியேறினர். சிலர் துப்பாக்கி முனையில் வெளியேற்றப்பட்டனர். சிலர் குண்டுகளுக்கு அஞ்சி ஓடினர். சில நாட்களில் திரும்பிவிடலாம் என்றெண்ணி வீட்டைப் பூட்டித் திறவுகோலை மடியிற் செருகிக்கொண்டு போனோர் பலர்.

மே 14ஆந் திகதி இஸ்ரேல் என்னும் தேசம் பிரகடனஞ் செய்யப்பட்டது. மறுநாள் அயலிலிருந்த அராபிய நாடுகளின் சேனைகள் உட்புகுந்தன. அதே மே 14ஆந் திகதி, ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை பலஸ்தீனத்துக்கு மத்தியஸ்தர் ஒருவரை நியமிக்கத் தீர்மானித்திருந்தது. அச்சபையின் வரலாற்றிலே அத்தகைய பதவி அதுவே முதலாவது. ஆறு நாட்களின் பின் அப்பதவிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டவர் பேர்னடொட். அவருக்குச் சேனையில்லை; கட்டளையிடும் அதிகாரமில்லை. சொல் ஒன்றே அவருடைய ஆயுதம்.

நான்கு மாதங்கள்

ரோட்ஸ் தீவிலே அலுவலகம் அமைத்துக்கொண்டு, வெள்ளை விமானமொன்றில் கெய்ரோ, அம்மான், டெல் அவீவ், பெய்ரூத், டமஸ்கஸ் என ஓய்வின்றிப் பறந்து திரிந்தார். அவருக்குத் துணையாக ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய ரல்ப் பன்ச் என்பவர் அமெரிக்க நீக்ரோ இனத்திலே தோன்றிய பேரறிஞர். நுண்ணிய புத்தியும் தளராத உழைப்பும் உடையவர். இருவரின் முயற்சியால் ஜூன் 11ஆந் திகதி நான்கு வாரப் போர்நிறுத்தம் தொடங்கியது. அதனைக் கண்காணிக்கப் பல நாட்டு இராணுவ அதிகாரிகள் ஆயுதமின்றி வந்து சேர்ந்தனர். இன்று உலகெங்கும் காணப்படும் ஐக்கிய நாடுகளின் சமாதானப் பணிக்கு வித்திட்டது அச்சிறு குழுவேயாம்.

போர்நிறுத்த காலத்தினுள்ளே நிலையான உடன்பாடு காண எண்ணிய பேர்னடொட், ஜூன் மாத இறுதியிலே தம் முதலாவது யோசனைகளை வெளியிட்டார். யூத தேசமும் டிரான்ஸ்ஜோர்தானோடு இணைந்த அராபிய பாகமும் ஓர் ஒன்றியமாக வாழலாம் என்றும், ஜெருசலேம் அராபியர் பாகத்திலே சேரலாம் என்றும் அவர் கூறினார். இரு தரப்பாரும் அவற்றை நிராகரித்தனர். யூதரின் வரலாற்று நினைவிலே ஜெருசலேம் பெறும் இடத்தை அவர் போதிய அளவு எடைபோடவில்லை என்பது நடுநிலையாளர் பலரின் கருத்து. அவசரமும் அனுபவக் குறைவும் அவ்யோசனையிலே தெரிந்தன. ஆயினும் அதிலே அவர் சேர்த்த ஒரு விதி பிற்காலத்துக்கு நிலைத்தது. போரினால் இடம்பெயர்ந்தோர் தத்தம் வீடுகளுக்குத் தடையின்றித் திரும்பித் தம் உடைமைகளைப் பெறும் உரிமை உடையவர் என்பதே அவ்விதி.

ஜூலையிலே போர் மீண்டும் மூண்டு பத்து நாட்கள் நடந்தது. அப்பத்து நாட்களுள் லித்தா, ரம்லே என்னும் இரு நகரங்களும் இஸ்ரேலியப் படையின் வசமாயின. லித்தா நகரத்தினுள்ளே நூற்றுக் கணக்கானோர் கொல்லப்பட்டனர். பிற்காலத்திலே பிரதமராகவும் சமாதானப் பரிசு பெற்றவராகவும் விளங்கிய இட்சாக் ராபின் அன்று இளம் படையதிகாரி. மக்களை வெளியேற்றும் கட்டளையிலே அவருடைய கையொப்பம் இருந்தது. இரு நகரங்களிலுமிருந்து 50,000க்கும் மேற்பட்டோர் ஜூலை மாதத்து வெயிலிலே வெளியேற்றப்பட்டனர். லித்தாவின் மக்கள் பெரும்பாலும் நடந்தே மலைப்பாதையேறினர். தண்ணீரின்றி வழியிலே முதியோரும் குழந்தைகளும் விழுந்து மாண்டனர். எஞ்சியோர் ரமல்லா நகரையடைந்து மரநிழல்களிலும் பாறை இடுக்குகளிலும் தங்கினர்.

இரண்டாவது போர்நிறுத்தம் ஜூலை 18ஆந் திகதி தொடங்கியபின், பேர்னடொட் ரமல்லாவுக்குச் சென்று அவர்களைப் பார்த்தார். ஐரோப்பாவிலே எத்தனையோ அகதி முகாம்களையும் சிறை முகாம்களையும் கண்டவர் அவர். அவருடைய மோட்டார் வண்டியைச் சூழ்ந்துகொண்டு உணவு கேட்டும், வீடு திரும்ப வழி கேட்டும் கதறிய அம்மக்களின் கோலம், தாம் கண்ட அகதிக் காட்சிகளுள் மிகக் கொடியது எனத் தம் நாட்குறிப்பு நூலிலே பதிந்து வைத்தார். ஹிம்லரின் ஜேர்மனியைப் பார்த்தவர் அவ்வாறு எழுதினார் என்பதை நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும்.

அன்று முதல் அவருடைய முயற்சியின் மையம் மாறிற்று. எல்லைக்கோடுகளைப் பற்றிய பேச்சோடு, மக்களைப் பற்றிய பேச்சும் ஒவ்வொரு சந்திப்பிலும் எழுந்தது. ஹைபா, யாபா ஆகிய நகரங்களைச் சேர்ந்த அகதிகளுள் ஒரு குறிப்பிட்ட தொகையினரையேனும் திரும்ப அனுமதிக்கும்படி இஸ்ரேலிய அரசாங்கத்தை அவர் வேண்டினார். யுத்த நிலை நீடிக்கும்வரை அது இயலாது என்று ஓகஸ்ட் மாதத் தொடக்கத்திலே மறுமொழி கிடைத்தது. குளிர்காலத்துக்கு முன் உணவும் கூடாரமும் கம்பளியும் கிடையாவிட்டால் ஆயிரக் கணக்கானோர் இறப்பர் என்று உலக நாடுகள் பலவற்றுக்கும் அவர் முறையீடுகள் அனுப்பினார்.

அதே ஓகஸ்ட் மாதத்திலே ஸ்டொக்ஹோமில் செஞ்சிலுவைச் சங்கங்களின் பதினேழாவது சர்வதேச மகாநாடு கூடியது. அதற்குத் தலைமை வகித்தவரும் பேர்னடொட்டே. யுத்த காலத்திலே பொதுமக்களைக் காக்கும் உடன்படிக்கையின் நகல் அம்மகாநாட்டிலே ஏற்றுக்கொள்ளப்பட்டது. மறு ஆண்டு, 1949 ஓகஸ்ட் 12ஆந் திகதி, அது நான்காவது ஜெனீவா உடன்படிக்கையாகக் கையொப்பமாயிற்று. போர்வீரனுக்கு மாத்திரமன்றிக் குடிமக்களுக்கும் யுத்தத்தினின்று பாதுகாப்புண்டு என்று உலகம் எழுத்தில் ஒப்பிய சாசனம் அது. அதன் பிறப்பைக் காண அவர் இருக்கவில்லை.

இறுதி அறிக்கை

செப்டெம்பர் 16ஆந் திகதி ரோட்ஸ் தீவிலே தம் அறிக்கையை முடித்து அவர் கையொப்பமிட்டார். இம்முறை அவருடைய யோசனைகள் பண்பட்டிருந்தன. இஸ்ரேல் என்னும் தேசம் தோன்றிவிட்டது; அதனை ஏற்றே ஆகவேண்டும் என்று அராபியருக்கு அறிவுறுத்தினார். ஜெருசலேமை ஐக்கிய நாடுகளின் கண்காணிப்பிலே வைக்க வேண்டும் என்றார். நெகெவ் பாலைவனம் அராபியருக்கும் கலிலேயா யூதருக்கும் உரியதாகலாம் என்றார். இவையெல்லாம் விவாதத்துக்குரியன. விவாதத்துக்கு அப்பாற்பட்டதாக அவர் கருதியது ஒன்றே. உதவி வேண்டி நிற்கும் 3,60,000 அராபிய அகதிகளும் 7,000 யூத அகதிகளும் உளர் என்று இரு தொகைகளையும் அவர் அருகருகே குறித்தார். வேரோடு பிடுங்கப்பட்ட குற்றமற்ற மக்கள் தம் இல்லம் திரும்பும் உரிமையை மறுத்துவிட்டு எந்தத் தீர்வும் நீதியானதாகாது. திரும்ப விரும்பாதோருக்கு நட்டஈடு வழங்கல் வேண்டும். இதுவே அவர் எடுத்துரைத்த நியாயத்தின் சாரம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மூன்று மோட்டார் வண்டிகளிலே அவரும் உடனிருந்தோரும் ஜெருசலேமின் கதமோன் பகுதியூடாகச் சென்றனர். அப்பகுதியும் சில மாதங்களுக்கு முன் அராபியக் குடும்பங்கள் வாழ்ந்து விட்டுச்சென்ற இடமே. வீதியின் குறுக்கே நின்ற ஜீப் வண்டியொன்றிலிருந்து இராணுவ உடை தரித்தோர் இறங்கினர். சோதனைச் சாவடியென எண்ணி வண்டிகள் நின்றன. ஒருவன் யன்னலூடே துப்பாக்கியை நீட்டிச் சுட்டான். பேர்னடொட்டும், அருகில் அமர்ந்திருந்த பிரெஞ்சுக் கேணல் அந்திரே செரோவும் மாண்டனர். செரோவின் மனைவி ஜேர்மானிய முகாமிலிருந்து மீட்கப்பட்டவர். அதற்கு நன்றி சொல்லவேண்டியே பிரபுவின் பக்கத்திலே அவர் அமர்ந்தார் எனச் சொல்லப்படுகின்றது. அவ்விடத்தில் அமர்ந்திருக்க வேண்டிய ரல்ப் பன்ச் பயணம் தாமதமானமையால் உயிர் தப்பினார். பேர்னடொட்டுக்கு அப்பொழுது வயது 53.

கொன்றவர்கள் லெஹி என்னும் யூதத் தீவிரவாதக் குழுவினர். ஜெருசலேமைத் தம்மிடமிருந்து பறிக்க வந்தவர் என்றே அவரை அவர்கள் கண்டனர். யூதர் யாவரும் அக்கொலையை ஆதரித்தனர் எனல் பெரும்பிழை. இஸ்ரேலிய அரசாங்கம் கண்டனந் தெரிவித்து அக்குழுவைத் தடைசெய்தது; அவரால் உயிர்பெற்ற யூதர் பலர் கண்ணீர் சொரிந்தனர். ஆயினும் கொலைக்காக ஒருவரேனும் தண்டிக்கப்படவில்லை. குழுவின் தலைவர் இருவர் வேறு குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு விரைவிலேயே பொதுமன்னிப்புப் பெற்றனர். தலைமைக் குழுவின் உறுப்பினராயிருந்த இட்சாக் ஷமீர் 1983இல் நாட்டின் பிரதமரானார். 1988இலேயே பழைய உறுப்பினர் இருவர் கொலையிலே தமக்கிருந்த பங்கை வெளிப்படையாய் ஒப்பினர். 1995இல் வெளிநாட்டமைச்சர் ஷிமோன் பெரஸ் இஸ்ரேலின் சார்பில் வருத்தந் தெரிவித்தார்.

அம்மரணத்திலிருந்து சட்டவியலிலும் ஒரு விளைவு பிறந்தது. தன் ஊழியர் கொல்லப்படும்பொழுது ஒரு தேசத்தின்மீது வழக்குரைக்கும் தகுதி ஐக்கிய நாடுகள் சபைக்கு உண்டா என்ற வினா சர்வதேச நீதிமன்றத்தின் முன் சென்றது. உண்டு என்று 1949 ஏப்ரிலிலே அது கருத்துரைத்தது. அதன்படி இஸ்ரேல் 1950இல் 54,628 டொலர் நட்டஈடு செலுத்தியது.

எஞ்சி நிற்பது

பன்ச் அப்பணியைத் தொடர்ந்து நடத்தி, 1949இலே இஸ்ரேலுக்கும் அயல்நாடுகள் நான்குக்குமிடையே போர்நிறுத்த ஒப்பந்தங்களை ஏற்படுத்தினார். அதற்காக 1950இல் நோபல் பரிசு பெற்றார். பேர்னடொட்டின் நியாயம் 1948 டிசெம்பர் 11ஆந் திகதி பொதுச்சபையின் 194ஆம் இலக்கத் தீர்மானத்திலே இடம்பெற்றது. அயலாரோடு சமாதானமாக வாழ விரும்பும் அகதிகள் இயன்ற விரைவிலே வீடு திரும்ப அனுமதிக்கப்படல் வேண்டும் என்பதும், திரும்பாதோருக்கு நட்டஈடு உரியது என்பதும் அதன் கருத்து. அத்தீர்மானம் இன்றுவரை நிறைவேறவில்லை. அவர் தொடங்கிய நிவாரணப் பணி 1949 டிசெம்பரில் நிறுவப்பட்ட ஐக்கிய நாடுகளின் நிவாரண நிறுவனமாக உருப்பெற்று, 1950 மே மாதத்திலிருந்து இயங்கத் தொடங்கியது. அன்று ஏறத்தாழ 7,50,000 பேருக்கு உதவிய அந்நிறுவனத்தின் பதிவேட்டிலே இன்று அகதிகளும் அவர்தம் சந்ததியினருமாக ஏறத்தாழ 59 இலட்சம் பேர் உளர். தற்காலிகம் என எண்ணி நடப்பட்ட கூடாரங்கள் கல்வீடுகளாயின. பேரப்பிள்ளைகள் அங்கேயே பிறந்தனர். எழுநூற்றுக்கு மேற்பட்ட பள்ளிக்கூடங்களை அந்நிறுவனம் நடத்தி வந்தது. நிலமிழந்த மக்கள் கல்வியை உறுதியாகப் பற்றிக்கொண்டமைக்கு அப்பள்ளிக்கூடங்கள் சான்று.

நம் நாடும் இவ்விஷயத்திலே முற்றும் அந்நியமாக இருந்ததன்று. 1967ஆம் ஆண்டு யுத்தத்தின்பின் ஆக்கிரமிக்கப்பட்ட பிரதேசங்களிலுள்ள மக்களின் மனித உரிமைகளை ஆராய ஐக்கிய நாடுகள் 1968இல் விசேட குழுவொன்றை அமைக்கத் தீர்மானித்தபொழுது, சோமாலியா, யூகொஸ்லாவியா ஆகியவற்றோடு இலங்கையும் அதிலே அங்கம் பெற்றது. நம் நாட்டு இராசதந்திரி ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க அதற்குத் தலைமை வகித்தார். பேர்னடொட் தொடங்கிய கணக்கெடுப்பை வேறொரு காலத்திலே தொடர்ந்தவர்களுள் நம்மவரும் ஒருவர்.

2023 ஒக்டோபர் 7ஆந் திகதி ஹமாஸ் இயக்கத்தினர் இஸ்ரேலுக்குள் புகுந்து ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றனர். 251 பேரைப் பிணையாகக் கொண்டு சென்றனர். கொல்லப்பட்டோருட் பெரும்பாலோர் குடிமக்கள். அதன்பின் காஸாவிலே இஸ்ரேல் நடத்திய யுத்தத்தில், அங்குள்ள சுகாதார அமைச்சின் கணக்கின்படி, 60,000க்கும் மேற்பட்ட பலஸ்தீனர் மாண்டனர். அவர்களுட் குழந்தைகள் பல்லாயிரவர். காஸா மக்களுட் பெரும்பகுதியினர் 1948இலே ஓடிவந்தோரின் வழிவந்தவர் என்பதை மறத்தலாகாது. பேர்னடொட்டின் முயற்சியிலிருந்து கிளைத்த நிவாரண நிறுவனத்தின் ஊழியர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் அவ்யுத்தத்திலே உயிரிழந்தனர். அவர்களுட் பலர் ஆசிரியர். நிவாரணப் பணியாளர் கொல்லப்படுதல் 1948 செப்டெம்பரிலே உலகை அதிரச் செய்தது. இன்று அது எண்ணிக்கையாகிவிட்டது. உலகம் வளர்ந்திருக்கின்றதா, தேய்ந்திருக்கின்றதா என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பேர்னடொட் மகா மேதையல்லர், பிழையற்றவருமல்லர். அவருடைய எல்லைக்கோடுகளை இன்று எவரும் நினைப்பதில்லை. அவர் விட்டுச்சென்றது ஒரு முறை. துன்பமுற்றவனுடைய இனத்தையும் சமயத்தையும் விசாரியாமல் அவனுடைய துன்பத்தை மட்டும் விசாரிப்பதும், இரு பக்கத்து அகதிகளையும் ஒரே ஏட்டில் எழுதுவதும், எழுதியதற்காக எவருடைய கோபம் வந்தாலும் ஏட்டைத் திருத்தாதிருப்பதும் அம்முறை. யூதப் பெண்ணை முகாமிலிருந்து மீட்டபொழுதும், அராபியத் தாய்க்காக அறிக்கை எழுதியபொழுதும் அவர் செய்தது ஒரே பணி. ஒன்றைப் போற்றி மற்றொன்றைப் பழிப்போர் அவரை அறிந்தாரல்லர். வகுப்பறையிலே யுத்தங்களின் ஆண்டுகளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், வெற்றி தோல்விகளைச் சொல்லி முடித்தபின், அவ்வூர் மக்கள் எங்கே போயினர் என்ற வினாவையும் கரும்பலகையிலே எழுதுவார்களாயின், அப்பிரபுவின் அறிக்கைக்கு ஒரு வாசகராவது புதிதாய்க் கிடைப்பர்.